ஆணித் தொழிற்சாலையின் வாசல்காரன்

திமிஷோவாரா
3 மே 1923

அன்புள்ள அக்காவுக்கு,

ரெலு எழுதுகிறேன். பட்டாளத்திலிருந்து என்னை அனுப்பிவிட்டார்கள். நேராக ஊருக்கு வருவேன் என்று நீ ஒரு கோழியைக் குறித்து வைத்திருப்பாய். அந்தக் கோழிக்கு ஆயுசு கெட்டி. நான் வரவில்லை. கோபித்துக்கொள், ஆனால் கடிதத்தைக் கடைசி வரைக்கும் படித்துவிட்டுக் கோபித்துக்கொள்.

எனக்கு இங்கே ஆணித் தொழிற்சாலையில் வேலை கிடைத்திருக்கிறது. பெட்டியில் ஆணி அடைக்கும் வேலைக்குத்தான் முதலில் எடுத்தார்கள். ஆனால் என்னைப் பட்டாளத்தில் பார்த்திருந்த லாயோஷ் மாமா விடவில்லை. அவர் ஹங்கேரிக்காரர். வாயைத் திறந்தால் பாதி நம் பேச்சு, பாதி அவர் பேச்சு, நடுவில் கொஞ்சம் கெட்ட வார்த்தை. அவர் முதலாளியிடம் போய், "இந்தப் பையன வாசல்ல நிறுத்துங்க. இவன் கையத் தாண்டி ஒண்ணும் உள்ள போவாது" என்று சொல்லிவிட்டார். ஆக, உன் தம்பி இன்றைக்கு ஆணித் தொழிற்சாலையின் வாசல்காரன்.

போன ஞாயிற்றுக்கிழமை முதல் தடவையாக நின்றேன். ரயில்வேக்காரர்கள் பதினோரு பேர் வந்தார்கள். முட்டினார்கள், மோதினார்கள், ஒருவன் என் விலாவில் உதைத்துக்கூடப் பார்த்தான். ஒன்றைக்கூட உள்ளே விடவில்லை. முடிந்ததும் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு பீர்க் கடை வரைக்கும் போனார்கள். அக்கா, அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பட்டதில்லை.

தொப்பி தந்திருக்கிறார்கள். முழங்காலுக்குப் பஞ்சு வைத்த உறையும் உண்டு. சாப்பாட்டுக்குக் குறைவில்லை. அறுவடைக்குக் கட்டாயம் வருகிறேன். நீ எறிகிற தர்பூசணியைப் பிடிக்க வேறு யார் இருக்கிறார்கள்?

உன் தம்பி
ஔரேல்


வுல்கனாஷ்
14 மே 1923

ரெலு,

கோழியை அறுத்து நானே தின்றுவிட்டேன். இறக்கை இரண்டும் உனக்கென்று எடுத்து வைத்தேன், அப்புறம் அதையும் தின்றேன்.

நீ வராததற்கு எவ்வளவு திட்டலாம் என்று யோசித்துக்கொண்டேதான் கடிதத்தைப் பிரித்தேன். வாசல்காரன் என்று படித்ததும் பாதிக் கோபம் போய்விட்டது. ஊரில் யாருக்கு இப்படி வேலை? பக்கத்து வீட்டு சவேத்தா வேலிக்கு மேல் தலையை நீட்டி, "என்னடி வெதூரியா, தம்பி இன்னும் காணோமே?" என்று கேட்டாள். "அவன் ஆணிக் கம்பெனில வாசல்காரன். அவன் தலையாட்டினாத்தான் முதலாளியே உள்ள போக முடியும்" என்றேன். "தொப்பி உண்டா?" என்றாள். "தொப்பியும் உண்டு, பித்தளப் பொத்தானும் உண்டு" என்றேன். பொத்தானைப் பற்றி நீ எழுதவில்லை. இல்லாமலா போகும் என்று நானே தைத்துக்கொண்டேன். இப்போது ஊர் முழுக்க இதே பேச்சுதான்.

ஆனால் சில விஷயம் எனக்குப் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போகாமல் ரயில்வேக்காரர்களுக்கு உங்கள் வாசலில் என்ன வேலை? பதினோரு பேர் சேர்ந்து முட்டினால் போலீசைக் கூப்பிட வேண்டியதுதானே? வாசலுக்குத் தாழ்ப்பாள் இல்லையா? உன்னை உதைத்தவன் பெயரை எழுது. முழங்காலுக்கு எதற்குப் பஞ்சு? முதலாளி வரும்போது மண்டி போட வேண்டுமா? அப்படியானால் அந்த வேலை வேண்டாம். நம் வீட்டில் சாமி முன்னால் தவிர யாரும் மண்டி போட்டதில்லை.

தர்பூசணி விதை ஊன்றி முளை விட்டிருக்கிறது. ஆகஸ்டில் நீ வந்தாக வேண்டும். உன் அத்தான் இருந்தால் உன்னைக் கெஞ்ச மாட்டேன். அவர் கலீசியாவுக்குச் சண்டைக்குப் போனவர், போனவர்தான்.

அக்கா
வெதூரியா


திமிஷோவாரா
2 ஜூன் 1923

அக்கா,

உன் கடிதத்தை லாயோஷ் மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். சிரித்துச் சிரித்து அவருக்கு விக்கல் வந்துவிட்டது. தாழ்ப்பாள் என்ற இடம் வந்ததும் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விட்டார்.

தப்பு உன் மேல் இல்லை, நம் பாஷையின் மேல். தொழிற்சாலைக்கும் வாசல் உண்டு, கால்பந்து மைதானத்துக்கும் வாசல் உண்டு. இரண்டிலும் நிற்பவனை நாம் வாசல்காரன் என்றே சொல்கிறோம். நான் நிற்பது இரண்டாவது வாசலில். இரண்டு கம்பம், மேலே ஒரு குறுக்குக் கட்டை, பின்னால் மீன் பிடிக்கிற மாதிரி ஒரு வலை. கதவு கிடையாது, ஆகவே தாழ்ப்பாளும் கிடையாது. எதிராளிகள் பதினோரு பேர் பந்தைக் காலால் உதைத்து அதற்குள் தள்ளப் பார்ப்பார்கள். எங்கள் பக்கத்தில் அதைக் கையால் தொடும் உரிமை எனக்கு மட்டும்தான். கிழமை நாளில் ஆணி அடைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வாசலைக் காக்கிறேன். விழுந்து பிடிக்க வேண்டியிருப்பதால் முழங்காலுக்குப் பஞ்சு. யாரையும் கும்பிட இல்லை.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது யார் தெரியுமா? நீதான். கொட்டகையில் வண்டி மேல் ஏறி நின்று, ஒவ்வொரு பழத்தையும் தட்டிப் பார்த்து நீ எறிவாயே. "சர்க்கரை!" என்று நீ கத்தினால் அது பழுத்தது. மெதுவாக வாங்கி, மார்போடு அணைத்து, ஒரு அடி பின்னால் போய் அதன் வேகத்தை ஆற்றி வைக்கோலில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் வெடித்துவிடும். "காய்!" என்று கத்தினால் முரட்டுத்தனமாகப் பிடித்து ஊறுகாய்க் குவியலில் போட்டால் போதும். ஏழு வயதிலிருந்து இதையே செய்தவனுக்குப் பந்து எந்த மூலைக்கு?

ஆனால் அந்த ஒரு அடிதான் இங்கே வம்பு. பந்தைப் பிடித்ததும் என் கால் தானாகப் பின்னால் போகிறது. எனக்குப் பின்னால் சுண்ணாம்புக் கோடு இருக்கிறது. பந்தோடு அதைத் தாண்டிவிட்டால், நான் பிடித்தும் பிரயோஜனமில்லை, எதிராளிக்குக் கோல். எங்கள் அணியைப் பழக்குகிற லாயோஷ் மாமா தலையில் அடித்துக்கொள்கிறார்: "அது தர்பூசணி இல்லடா தடியா! வெடிக்காது! முன்னால வா, முன்னால!"

சவேத்தாவிடம் பொத்தானைக் கழற்றிவிடு.

ரெலு


வுல்கனாஷ்
20 செப்டம்பர் 1923

ஔரேல்,

முழுப் பெயரில் கூப்பிடுகிறேன் என்றால் எனக்கு எவ்வளவு கோபம் என்று உனக்குத் தெரியும்.

அறுவடைக்கு வருகிறேன் என்றாய். கொட்டகையைப் பெருக்கி, வைக்கோல் பரப்பி, உன் பழைய சட்டையைத் துவைத்து வேலியில் போட்டிருந்தேன். ஆட்டம் இருக்கிறது, விட மாட்டேன் என்கிறார்கள் என்று ஒரு அட்டையில் இரண்டு வரி வந்தது. வளர்ந்த ஆம்பிளைகள் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு ஒரு தோல் உருண்டைக்குப் பின்னால் ஓடுவதற்காக என் பழம் வண்டியிலேயே கிடந்தது. சவேத்தாவின் மருமகன் பிடிக்க வந்தான். அவன் கையில் வெண்ணெய் தடவியிருக்கிறதோ என்னவோ, பாதிச் சர்க்கரையைத் தரையில் உடைத்தான். பன்றிகளுக்குக் கொண்டாட்டம்.

அந்த அட்டையில் ஆட்டத்துக்கு என்ன தேதி போட்டிருந்தாய் என்று பார்த்தாயா? ஞானஸ்நான யோவானின் தலையை வெட்டிய நாள்! அன்று தலைபோல் உருண்டையான எதையும் வெட்டக்கூடாது, தின்னக்கூடாது. நம் வீட்டில் தொடுவதே இல்லை. அறுவடை முழுவதிலும் நான் கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்காருவது அந்த ஒரு நாள்தான். அன்று போய் நீ உருண்டையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாய். அம்மா இருந்திருந்தால் உன் காதைத் திருகியிருப்பாள்.

சவேத்தாவிடம் நான் எதையும் கழற்றப் போவதில்லை. ஊருக்கு நீ தொழிற்சாலை வாசலில்தான் நிற்கிறாய். அரைக்கால் சட்டைக் கதையைச் சொல்லி மானத்தை வாங்கிக்கொள்ள நான் தயாராயில்லை.

ஒரு தடவை வந்து நான் ஆடுவதைப் பார் என்று அட்டையின் ஓரத்தில் வேறு எழுதியிருக்கிறாய். நீ முதலில் வயலுக்கு வா, அப்புறம் நான் உன் வாசலுக்கு வருகிறேன். இந்த வீட்டு வாசலைத் தாண்டிப் போன ஆம்பிளைகள் யாரும் திரும்பி வந்ததில்லை, ரெலு. அப்பா, உன் அத்தான், இப்போது நீ. நீயாவது உயிரோடு இருக்கிறாய், அதனால் உன்னைத் திட்டவாவது முடிகிறது.

வெதூரியா


திமிஷோவாரா
7 டிசம்பர் 1924

அன்புள்ள அக்கா,

கடிதம் இல்லை, ஒரு ஜாடி மட்டும் வந்தது. முட்டைக்கோஸ் பீப்பாயில் ஊறின குட்டித் தர்பூசணி. உன் கைப் பக்குவம் என்று மூடியைத் திறந்ததும் தெரிந்துவிட்டது. விடுதியில் ஆறு பேர் கரண்டியோடு வந்து நின்றார்கள். வாசல்காரன் அல்லவா, ஒருவனையும் உள்ளே விடவில்லை. லாயோஷ் மாமாவுக்கு மட்டும் ஒன்று கொடுத்தேன். தின்றுவிட்டு, "உங்கக்கா நல்லவங்கடா. இத்தன காரமா ஊற வெக்கிறவங்க மனசுல வஞ்சம் வெக்க மாட்டாங்க" என்றார்.

இந்த வருஷம் நகரத்துக்கே நாங்கள்தான் முதல். ஆணித் தொழிற்சாலை என்றால் மற்ற அணிக்காரர்கள் உள்ளங்காலைத் தடவிப் பார்த்துக்கொள்கிறார்கள். என் படம் பத்திரிகையில் வந்திருக்கிறது. அந்த ஒரு அடி பின்னால் போகிற வியாதியும் போய்விட்டது. லாயோஷ் மாமா கோட்டுக்குப் பின்னால் தரை முழுக்க முட்கொடியைப் பரப்பி வைத்து என்னை வெறுங்காலில் பழக்கினார். ஒரு மாதம் குதிகாலில் ரத்தம். இப்போது முன்னால்தான் போகிறேன்.

எல்லாம் இருக்கிறது. ஆனால் நான் ஒரு பந்தைப் பிடித்துவிட்டு நிமிரும்போது, மைதானமே கத்தும்போது, நீ அங்கே இல்லை. அப்பா முகம் எனக்கு ஞாபகமில்லை, அம்மா முகம் பாதி. என்னைப் பார்த்துச் சபாஷ் சொல்ல உன்னைத் தவிர எனக்கு யாரும் இல்லை. நீ முதலில் வா, அப்புறம் நான் வருகிறேன். நானும் உன் தம்பிதானே, பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறாய்?

ரெலு


வுல்கனாஷ்
11 ஜனவரி 1925

ரெலு,

ஊறுகாய் அனுப்பியதைச் சமாதானம் என்று எடுத்துக்கொள்ளாதே. பீப்பாய் நிறைந்து வழிந்தது, அவ்வளவுதான்.

பாதிரியார் பத்திரிகையைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்து, "வெதூரியா, இது நம்ம ஔரேல்தானே? வாசல்காரன்னு சொன்ன, இவன் ஏன் பறக்கறான்?" என்று கேட்டார். நானும் பார்த்தேன். நீ தரையிலேயே இல்லை, படுத்தவாக்கில் காற்றில் கிடக்கிறாய். கீழே விழுந்தால் இடுப்பு என்ன ஆவது? "சாமி, பெரிய கம்பெனில வாசலும் பெருசு. ஓடி ஓடித்தான் மூடணும்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே பத்திரிகையை மேசை மேலேயே மறந்து வைத்துவிட்டுப் போனார். மறந்தாரோ, வேண்டுமென்றே வைத்தாரோ. அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில், அதில் தொங்கும் அலங்காரத் துண்டுக்குக் கீழே வைத்திருக்கிறேன். சவேத்தா வரும்போது துண்டை இழுத்துவிடுகிறேன்.

குதிகாலுக்கு வாத்துக் கொழுப்பு தடவு. அந்த மாமாவிடம் சொல், என் தம்பியின் காலில் இனி முள் குத்தினால் நான் நேரில் வந்து அவர் காலில் குத்துவேன். அதற்கு வேண்டுமானால் வருவேன், ஆட்டம் பார்க்க வர மாட்டேன். நீ முதலில் வா.

அக்கா


திமிஷோவாரா
12 ஆகஸ்ட் 1926

அக்கா,

இதை நின்றுகொண்டு எழுதுகிறேன், உட்கார முடியவில்லை.

ருமேனியாவின் அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். சோபியாவுக்குப் போய் பல்கேரியாக்காரர்களோடு ஆட வேண்டும். அதற்கு முன்னால் எங்கள் நகரத்திலேயே ஒரு பந்தயம். இந்தப் பக்கத்தில் பொறுக்கி எடுத்த பதினோரு பேரும் புக்கரெஸ்டில் பொறுக்கி எடுத்த பதினோரு பேரும் மோதுகிறோம். வாசலுக்கு ஒருவன்தான் போக முடியும். அவர்கள் வாசல்காரனா, நானா என்பது அன்றைக்குத் தெரிந்துவிடும். லாயோஷ் மாமா ஒரு வாரமாகக் கெட்ட வார்த்தை பேசவில்லை. அவ்வளவு பயம்.

ஞாயிற்றுக்கிழமை, ஆகஸ்ட் 29. தேதியைப் பார். யோவானின் தலையை வெட்டிய நாள். நீ திட்டுவாய், தெரியும். ஆனால் யோசித்துப் பார், அறுவடையில் உனக்கு ஓய்வு அந்த ஒரு நாள்தான். பழம் காத்திருக்கிறது என்று சொல்ல முடியாது. காலை ரயில் ஏறினால் மத்தியானம் வந்துவிடலாம்.

யார் முதலில் என்ற பேச்சை விட்டுவிடுவோம், அக்கா. நான் தோற்றேன் என்று வைத்துக்கொள். கெஞ்சிக் கேட்கிறேன், ஒரே ஒரு தடவை வா.

ரெலு


வுல்கனாஷ்
20 ஆகஸ்ட் 1926

ரெலு,

வர முடியாது. புனித நாளில் ஊரை விட்டுப் போய் ஆம்பிளைகளின் முழங்காலைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் ஆகாது. உருண்டையைத் தொடாதே என்றாலும் நீ கேட்கப் போவதில்லை. நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு தொடு.

சோபியா எவ்வளவு தூரம்?

வெதூரியா


திமிஷோவாரா
31 ஆகஸ்ட் 1926

அக்கா,

நீ வந்தாய்.

இல்லை என்று எழுதாதே. இந்த உலகத்தில் பந்தைப் பார்த்து "சர்க்கரை!" என்று கத்துகிறவள் ஒருத்திதான் இருக்க முடியும்.

நடந்ததைச் சொல்கிறேன், நீ கடைசி வரை நிற்கவில்லையே. ஆட்டம் முடியப் போகிறது, இரண்டு பக்கமும் ஒரு கோல்கூட இல்லை. நான் பிடித்த பந்துகளை நானே நம்பவில்லை. தேர்வு செய்ய வந்திருந்த பெரிய மனிதர்கள் என் பெயரை எழுதிக்கொண்டதை லாயோஷ் மாமா கண்ணால் பார்த்திருக்கிறார். அப்போது புக்கரெஸ்ட் ஆள் ஒருவன் தூரத்திலிருந்து சும்மா தூக்கி அடித்தான். உயரமாக, சோம்பேறித்தனமாக வந்தது. கண்ணை மூடிக்கொண்டு பிடிக்கலாம். கையை நீட்டினேன். எனக்குப் பின்னாலிருந்து, வலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, உன் குரல்.

என் கைக்கு முள்ளும் ஞாபகமில்லை, மூன்று வருஷப் பழக்கமும் ஞாபகமில்லை. மெதுவாக வாங்கினேன். மார்போடு அணைத்தேன். ஒரு அடி பின்னால் போனேன். வைக்கோல் எங்கே என்றுகூடக் குனிந்து தேடினேன், அக்கா. சுண்ணாம்புக் கோடு எனக்கு முன்னால் கிடந்தது.

நடுவர் ஊதிவிட்டார். லாயோஷ் மாமா தொப்பியைத் தரையில் அடித்து, "வெடிக்காதுடா! வெடிக்காதுன்னு எத்தன தடவ சொன்னேன்!" என்று அழுதார். நான் திரும்பிப் பார்த்தபோது ஒரு பழுப்புத் தலைத்துண்டு கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடிக்கொண்டிருந்தது. கூப்பிட்டேன், உனக்குக் கேட்கவில்லை.

சோபியாவுக்குப் புக்கரெஸ்ட்காரன் போகிறான். அன்றைக்கு எனக்குக் கோபம் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். சட்டையைக் கழற்றிச் சுவரில் அடித்தேன். மறுநாள் காலையில் ஆணியைப் பெட்டியில் போட்டுக்கொண்டிருக்கும்போது ஒன்று தோன்றியது. மூன்று வருஷமாக நான் கேட்டது என்ன? ஒரு தடவை வா என்றுதானே. வந்தாய். எனக்குப் பின்னாலேயே நின்றாய். அதற்கப்புறம் கோபத்தைத் தேடினேன், கிடைக்கவில்லை.

ஒன்றுதான் வருத்தம். ஏன் ஓடினாய்? உனக்கென்று கடையில் எண்ணெயில் பொரித்த லாங்கோஷ் ரொட்டி சொல்லி வைத்திருந்தேன், ஒருவேளை வருவாய் என்று.

உன் ரெலு


வுல்கனாஷ்
8 செப்டம்பர் 1926

என் ரெலு,

நான்தான். வேறு யார்?

ரயிலில் ஏறும்போது சவேத்தா பார்த்துவிட்டாள். பல் பிடுங்கப் போகிறேன் என்று சொன்னேன். மைதானத்தில் எங்கே நிற்பது என்று தெரியவில்லை. உன் முதுகைத் தேடிப் போய் அதன் பின்னால் நின்றேன். உன் முதுகு இவ்வளவு அகலமாகிவிட்டது என்று எனக்கு யாரும் சொல்லவில்லையே. நீ ஒவ்வொரு தடவை விழும்போதும் பக்கத்தில் நின்ற ஆளின் கையைப் பிடித்துக் கிள்ளிவிட்டேன். அவர் பாவம், நல்ல மனிதர், இடம் மாறி நின்றுகொண்டார்.

கத்த வேண்டும் என்று கத்தவில்லை. அந்தப் பந்து வந்த விதம் அப்படி. வண்டியிலிருந்து நான் எறிகிற மாதிரியே, அதே வளைவு, அதே நிதானம். வாய் தானாகத் திறந்துகொண்டது. காய் என்றாவது கத்தியிருக்கலாம், முரட்டுத்தனமாகப் பிடித்திருப்பாய். என் நாக்கில் சர்க்கரைதான் வந்தது. புனித நாளில் உருண்டையைத் தொட்டால் இப்படித்தான் ஆகும் என்று யோவான் மேல் பழியைப் போட்டுப் பார்த்தேன். அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

ஏன் ஓடினாய் என்று கேட்டாய். சொல்கிறேன், அப்புறம் நீ என்னை வெறுத்தாலும் சரி. எல்லோரும் தலையில் கை வைத்தபோது, நீ அந்த வலைக்குள் குனிந்து நின்றபோது, என் வயிறு எரிந்தது. ஆனால் அந்த எரிச்சலுக்குள்ளே ஒரு கணம், ஒரே ஒரு கணம், சந்தோஷமாக இருந்தது. இவன் இனி சோபியாவுக்குப் போக மாட்டான், இதற்கு மேல் தூரம் போக மாட்டான் என்று. அந்தச் சந்தோஷத்தோடு உன் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்? அதனால் ஓடினேன்.

வீட்டுக்கு வந்ததும் சவேத்தாவைக் கூப்பிட்டு, சாமி படத்துத் துண்டை விலக்கிப் பத்திரிகையில் வந்த படத்தைக் காட்டினேன். "என் தம்பி கம்பெனி வாசல்ல நிக்கலடி. இந்த வாசல்லதான் நிக்கறான். என்னாலதான் தோத்தான்" என்றேன். அவள் ரொம்ப நேரம் படத்தைப் பார்த்தாள். "அரைக்கால் சட்டையா இருந்தாலும் கால் நல்லாத்தான்டி இருக்கு" என்றாள். இப்போது ஊர் முழுக்க நீ பந்துக்காரன். தலை நிமிர்ந்துதான் சொல்கிறேன்.

இனி வா வா என்று உன்னைத் தொந்தரவு செய்ய மாட்டேன். உன் ஆட்டம் உனக்கு. ஞாயிறுதோறும் உனக்காகக் கோவிலில் ஒரு மெழுகுவர்த்தி எரியும். நான் மைதானத்துப் பக்கம் வராமல் இருப்பதே உனக்கு நல்லது.

அக்கா


திமிஷோவாரா
22 ஜூன் 1931

அன்புள்ள அக்கா,

இடது கையால் எழுதுகிறேன், அதனால் கோழி கிளறின மாதிரி இருக்கும்.

வசந்த காலத்தில் விழுந்து வலது மணிக்கட்டு உடைந்தது என்று எழுதியிருந்தேன் அல்லவா. கட்டைப் பிரித்துவிட்டார்கள். எலும்பு கூடியிருக்கிறது, ஆனால் மடங்கவில்லை. மருத்துவர் பிடித்து வளைத்துப் பார்த்தார், நான் கத்தினேன், அவர் விட்டுவிட்டார். பந்து இனி இந்தக் கையில் நிற்காது. எட்டு வருஷம் ஆடினேன், முடிந்தது. லாயோஷ் மாமா என் கையைத் தன் மடியில் வைத்துத் தடவிக்கொண்டே, "தர்பூசணின்னு நெனச்சே பிடிச்சிருக்கலாம்டா, மெதுவா. நாந்தான் உன்ன முன்னால போ, முன்னால போன்னு வெரட்டினேன்" என்றார். அவரைத் தேற்றவே எனக்கு நேரம் சரியாயிருந்தது.

ஆணி அடைக்கவும் கை உதவாது. முதலாளி நல்லவர், துரத்தவில்லை. வேறு வேலை கொடுத்திருக்கிறார். என்ன வேலை தெரியுமா? சிரிக்காதே. தொழிற்சாலை வாசல். நிஜ வாசல், இரும்புக் கதவு, தாழ்ப்பாள் உண்டு. தொப்பி உண்டு. பித்தளைப் பொத்தானும் உண்டு, அக்கா. முதல் நாள் அதை மாட்டியபோது உன்னை நினைத்துக்கொண்டேன்.

முதலாளியே வந்தாலும் நான் தலையாட்டினால்தான் உள்ளே போகிறார். ஞாயிற்றுக்கிழமைதான் பொறுக்க முடியவில்லை. மைதானம் சுவருக்கு அந்தப் பக்கம். கூட்டம் கத்துவது கேட்கும்போது நாற்காலியிலிருந்து என் உடம்பு தானாக எழுந்துவிடுகிறது. எழுந்து நின்று கதவைப் பார்க்கிறேன். யாரும் வருவதில்லை.

ஊருக்கு வந்துவிடலாமா என்று பல நாள் யோசித்தேன். எந்த முகத்தோடு வருவது? கை நன்றாக இருந்த காலமெல்லாம் ஒரு அறுவடைக்கும் வரவில்லை. இப்போது வந்து என்ன செய்வேன்? உன் பழத்தைப் பிடிக்கக்கூட முடியாது.

ரெலு


வுல்கனாஷ்
5 ஜூலை 1931

ரெலுக் கண்ணே,

உன் கடிதத்தைப் படித்து அழுதேன். கொஞ்சம் சிரிக்கவும் செய்தேன், நீ வேண்டாம் என்று சொன்னதால்.

சவேத்தாவிடம் போய், "என் தம்பி ஆணிக் கம்பெனில வாசல்காரனாயிட்டான். தொப்பி, பொத்தான் எல்லாம் உண்டு" என்றேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "போடி, மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா? ஒரு தடவ ஏமாந்தேன், இன்னொரு தடவ ஏமாற மாட்டேன். அவன் பந்துக்காரன்" என்கிறாள். நான் பொய் சொன்னபோது ஊரே நம்பியது. நிஜத்தைச் சொன்னால் ஒருத்தி நம்ப மாட்டேன் என்கிறாள். நீயே வந்து பொத்தானைக் காட்டினால்தான் உண்டு.

எந்த முகத்தோடு வருவது என்று கேட்டிருக்கிறாய். இருக்கிற முகத்தோடு வா. அந்த முகத்தைத்தான் நான் வளர்த்தேன். இந்த வாசலைத் தாண்டிப் போனவர்களில் ஒருவனாவது திரும்பி உள்ளே வருவதை நான் பார்க்க வேண்டும், ரெலு. கை மடங்குகிறதா இல்லையா என்று வாசலில் யாரும் சோதிக்கப் போவதில்லை.

முதலாளியிடம் ஆகஸ்டுக்கு விடுப்புக் கேள். லாயோஷ் மாமாவையும் கூட்டிக்கொண்டு வா. அவரைக் குத்துவதற்கு முள் எடுத்து வைத்திருக்கிறேன், ஊறுகாயும் வைத்திருக்கிறேன், எது என்பது அவர் நடந்துகொள்வதைப் பொறுத்தது. இருபத்தொன்பதாம் தேதி மட்டும் மூன்று பேரும் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவோம். இந்தத் தடவை யோவானோடு விளையாட வேண்டாம்.

மற்ற நாளெல்லாம் வேலை. பிடிக்க முடியாது என்றால் பிடிக்காதே. நீ வண்டி மேல் ஏறு. தட்டிப் பார்க்கக் காது போதும், அது உடையவில்லையே. எறிவதற்கு இடது கை இருக்கிறது, வலது கை மடங்காவிட்டாலும் தாங்கிக்கொள்ளும். நான் கீழே நிற்கிறேன். இத்தனை வயதில் நான் ஒரு பழம்கூடப் பிடித்ததில்லை, எறிந்துதான் பழக்கம். முதல் நாள் நிறைய உடையும். உடைந்ததைத் தின்போம்.

நீ சத்தமாகச் "சர்க்கரை!" என்று மட்டும் சொல். நான் மார்போடு வாங்கி ஒரு அடி பின்னால் போகிறேன். வேண்டுமானால் பத்து அடி போகிறேன். நம் கொட்டகையில் கோடு கிடையாது.

உன் அக்கா
வெதூரியா